ஒரு சாண் எழும்பிய தெரு

டெஸ்மண்ட் கொரைரா பேஸ் கிடார் வாசிப்பதை விட்ட மறுவாரம், கிட்டங்கித் தெரு தரையைவிட்டு ஒரு சாண் மேலே எழும்பியது. வீடுகள், சாக்கடை, மின்கம்பங்கள், முருங்கை மரம், அதன் கீழே படுத்திருந்த நாய் என்று எதையும் மிச்சம் வைக்காமல் முழுத் தெருவாகத்தான் எழும்பியது. சத்தம் கேட்கவில்லை, சுவரில் கீறல் விழவில்லை, ஆணியில் தொங்கிய மாதா காலண்டர்கூட ஆடவில்லை. விடிந்ததும் பால்காரர் அருமைநாயகம் வழக்கம்போலச் சைக்கிளில் தெருமுனை திரும்பினார், முன்சக்கரம் தெருவில் போய் முட்டியது, அவர் வெளியே விழ, பால் கேன் மட்டும் தெருவுக்குள் போய்ச் சேர்ந்தது. முழங்காலைத் தடவிக்கொண்டு அவர் குனிந்து பார்த்தபோது, தெருவுக்கும் பூமிக்கும் நடுவே ஒரு பூனை சாவகாசமாக நடந்துகொண்டிருந்தது. "ராத்திரியோட ராத்திரியா ரோடு போட்டுட்டானுவ போல. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போடக் கூடாதா?" என்று பூனையிடம் முறையிட்டுவிட்டு, கேனை நிமிர்த்தி, மிஞ்சிய பாலை வீடு வீடாக ஊற்றப் போய்விட்டார்.

அந்தத் துறைமுக ஊரில் கிட்டங்கித் தெருக்காரர்களை அசத்துவது லேசுப்பட்ட காரியமில்லை. கப்பல் கவிழ்ந்ததைப் பார்த்தவர்கள், புயலில் பறந்துபோன தகரக் கூரையை அடுத்த ஊரில் அடையாளம் கண்டு கொண்டுவந்தவர்கள், இதற்கெல்லாம் வாயைப் பிளந்தால் பிழைப்பு நடக்குமா? முதலில் கூடிக் கூடிப் பேசினார்கள், பிறகு தெருமுனையில் சாய்வாக ஒரு பலகையைப் போட்டார்கள், அதற்கும் பிறகு அந்தப் பலகை ஏன் இத்தனை குறுகலாக இருக்கிறது என்று சண்டை போட்டார்கள், அந்தச் சண்டை ஆரம்பித்ததும் தெரு எழும்பியது பழைய விஷயமாகிவிட்டது. கிரிக்கெட் பந்து தெருவுக்கு அடியில் உருண்டால் எடுக்க ஒரு தொரட்டிக் கம்பு பொதுவில் வைக்கப்பட்டது. ஆட்டோக்காரர்கள் முனையிலேயே இறக்கிவிட்டு, "இதுக்கு மேல நடந்துக்கிடுங்க, மேட்டுத்தெருக்காரவுக" என்று கேலி பேசினார்கள். குடிநீர்க் குழாய் எப்படி ஒரு சாண் நீண்டது என்று யாரும் கேட்கவில்லை. தண்ணீர் எப்போதும்போல இஷ்டப்பட்ட நேரத்தில் வந்து இஷ்டப்பட்ட நேரத்தில் போனது.

ஒரு பொறியாளரும் வந்தார். நாடாவை வைத்து அளந்தார், குடைக்கம்பியை அடியில் விட்டுத் துழாவினார், குப்புறப் படுத்து மறுபக்கத்து வெளிச்சத்தைப் பார்த்தார், எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, "தெரு சரியாத்தான் இருக்கு, மத்த ஊருதான் ஒரு சாண் இறங்கிட்டுது" என்று முடிவு சொன்னார். அவர் போன பிறகு யாரோ ஒரு மஞ்சள் பலகையில் 'மேடு, மெதுவாகச் செல்லவும்' என்று எழுதி நட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பங்குச்சாமியார், உயர்த்தப்படுவது ஒரு வரம்தான் என்றும் அதற்காகப் பெருமை கொள்வது பாவம் என்றும் பிரசங்கம் வைத்தார். கிட்டங்கித் தெருப் பெண்கள் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார்கள்.

இதற்கெல்லாம் தான் காரணம் என்று டெஸ்மண்டுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அதைப்பற்றியும் ஓர் அபிப்பிராயம் சொல்லியிருப்பார்.

அபிப்பிராயம் அவரிடம் மூட்டை மூட்டையாக இருந்தது. ஐஸ் கம்பெனியில் கம்ப்ரசர் ஓட்டுவது அவர் வேலை, பேஸ் கிடார் அவர் ஆசை, இரண்டும் ஒரே ஸ்ருதியில் உறுமுவதாக அவருக்கொரு எண்ணம். மீனை வைத்துக்கொண்டு ஐஸுக்காகக் காத்திருக்கும் வியாபாரிகள் தப்பித்து ஓட முடியாது என்பதால் அவர்களிடம்தான் எல்லாவற்றையும் கொட்டுவார். பேஸ் வாசிப்பவன் பாடகியைப் பார்க்கக் கூடாது, டிரம்ஸ்காரனின் வலது காலைப் பார்க்க வேண்டும். தோளில் போடும் வார் அகலமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தோள் சாய்ந்துபோய் பாஸ்போர்ட் போட்டோவில் தெரியும். தப்பான சுரத்தில் விரல் பட்டுவிட்டால் அடுத்த சுற்றிலும் அதே தப்பை வாசிக்க வேண்டும், முகத்தை மட்டும் மாற்றக் கூடாது. புதுக் கம்பி வாங்குவது வீண் செலவு. பழைய கம்பியைக் கழற்றிச் சோடா உப்பு போட்டு வேகவைத்தால் அழுக்கெல்லாம் கக்கிவிட்டுப் புதுசுபோலப் பேசும், அதற்கு இட்லிப் பானையைவிட உத்தமமான பாத்திரம் கிடையாது. இந்தக் கடைசி விஷயத்தில் மட்டும் அவர் மனைவி கிளாடிஸுக்கு மாற்றுக் கருத்து இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக அவர் சொல்வது ஒன்று: "பேஸு கேக்கக் கூடாது ஓய். நின்னாத்தான் தெரியணும். கேட்டுதுன்னா அவன் நம்மாளு இல்ல." மீன் வியாபாரிகள் தலையை ஆட்டிவிட்டு ஐஸ் உடைந்ததா என்று எட்டிப் பார்ப்பார்கள்.

சீ பேர்ட்ஸ் இன்னிசைக் குழுவில் அவர் நின்ற இடம் எப்போதும் டிரம்ஸுக்குப் பக்கம், விளக்கு படாத மூலை. கல்யாண வீட்டு வீடியோக்களில் அவருடைய ஒரு முழங்கையும் கிடாரின் தலைப்பகுதியும் தெரியும். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. கச்சேரி இல்லாத நாட்களில், கோயிலில் சாயங்கால ஜெபத்துக்கான திரிகால மணி அடித்ததும் வீட்டில் பழைய ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் கிடாரை மாட்டி வாசிக்க உட்கார்ந்தால் கிளாடிஸ் சாப்பிடக் கூப்பிடும்வரை வாசிப்பார். சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டிலேயே நைட்டி தைத்து விற்கும் பிலோமினா, கல்யாணமாகி வந்த புதிதில், "யாரு வீட்டுல மோட்டாரை நிப்பாட்டாம விட்டுருக்காவ?" என்று தெருவில் நின்று கத்திப் பார்த்தாள். யாரும் நிறுத்தவில்லை. பிறகு அவளும் பழகிவிட்டாள், தெருவும் பழகிவிட்டது.

குழுவை நடத்துகிற வில்பிரட் புதுக் கீபோர்டு வாங்கிய அன்று, ஒத்திகையின் நடுவே, டெஸ்மண்டின் முகத்தைப் பார்க்காமல், "அண்ணே, இதுல எடது கையிலயே பேஸு வந்துருது. நீங்க ஏன் சும்மா அதைத் தூக்கிச் சுமந்துகிட்டு? ரெஸ்ட் எடுங்க" என்றான். டெஸ்மண்ட் "சரி" என்றார். உலகத்து விஷயம் அத்தனைக்கும் கருத்து வைத்திருந்த மனிதருக்கு அன்று அந்த ஒரு சொல்தான் வந்தது. வீட்டுக்கு வந்து கிடாரை உறையில் போட்டுப் பீரோவின் மேலே ஏற்றினார், பெட்டியின் மேல் கிளாடிஸின் பழைய சேலையைப் போர்த்தினார், மறுநாள் கம்ப்ரசர் அறையில் யாரும் பார்க்காத இடத்தில் உட்கார்ந்து அழுதார். அவமானமாக இருந்தது. மேடை இல்லாதவன் வீட்டில் வாசிப்பது, ஆளில்லாத வீட்டுக்குச் சோறு பொங்குவதுபோலத்தான் என்று நினைத்துச் சாயங்கால வாசிப்பையும் விட்டார்; தெரு எழும்பியது.

இரண்டையும் ஒருவரும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை. பிலோமினா மட்டும் தன் தையல் மெஷின் கெட்டுவிட்டதாகச் சொல்லித் திரிந்தாள். எவ்வளவு எண்ணெய் விட்டாலும் தையல் கோணிக்கொண்டு போகிறது, கால் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது என்றாள்.

முடிச்சு விழுந்தது ஒரு சனிக்கிழமை. பழக்கதோஷம் விடுமா? டெஸ்மண்ட் கிடாரை இறக்கி, கம்பிகளைக் கழற்றி, கிளாடிஸ் சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்து இட்லிப் பானையில் வேகவைத்து, துடைத்து மறுபடி மாட்டினார். வாசிக்கும் எண்ணமில்லை, மாட்டிய கம்பி சரியாக இருக்கிறதா என்று பார்க்க அடிக் கம்பியை ஒரு தட்டுத் தட்டினார். தெரு சட்டென்று பாதி சாண் கீழே இறங்கியது, ஒலி அடங்கியதும் பழையபடி மேலே வந்து நின்றது. ரசம் சிந்தாத வீடில்லை. பலகையில் ஏறிக்கொண்டிருந்த அருமைநாயகம் சைக்கிளோடு மறுபடியும் விழுந்தார். சந்தையிலிருந்து அப்போதுதான் திரும்பிய கிளாடிஸ், தன் வீட்டு வாசல் கண்ணுக்கு முன்னால் கீழே போய் மேலே வருவதைப் பார்த்துவிட்டுக் காய்கறிப் பையைக் கீழே வைத்தாள்.

பிலோமினாதான் முதலில் வந்தாள். "அண்ணே, இப்பம் என்னத்தச் செஞ்சிய?"

"ஒண்ணுஞ் செய்யலியே. இதைத்தான் தட்டினேன்" என்று சொல்லி டெஸ்மண்ட் இன்னொரு தடவை தட்டிக் காட்டினார். தெரு இன்னொரு தடவை இறங்கி ஏறியது. வாசலில் கூடியவர்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

"அப்பம் அந்த மோட்டாரு நீங்கதானா?" என்றாள் பிலோமினா.

"மோட்டாரா?" என்று கிளாடிஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "எத்தனை வருசமா மனுசன் உக்காந்து வாசிக்கிறாரு, உனக்கு மோட்டாரா கேட்டுதா?" பிறகு அவள் பார்வை அடுப்பில் இருந்த இட்லிப் பானைக்குப் போனதால் அந்தச் சண்டை வேறு பக்கம் திரும்பியது.

டெஸ்மண்டுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. நின்றால் தெரியணும் என்று இத்தனை காலம் ஐஸ் கம்பெனியில் கரடியாகக் கத்தியதை ஒரு தெருவே ஆமாம் என்று எழுந்து நின்று சொல்லியிருக்கிறது. இனி என்ன, தெருச் சங்கம் திரண்டு வரும், தயவுசெய்து வாசியுங்கள் என்று கெஞ்சும், தாம் கொஞ்சம் பிகு பண்ணிவிட்டு ஒப்புக்கொள்ளலாம் என்று நினைத்து, துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு காத்திருந்தார்.

சங்கம் திரண்டுதான் வந்தது. தலைவர் ரெஜினால்டு ரொட்ரிகோ, சுங்க இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் சுற்றிவளைத்துப் பேசுபவர், கையில் சால்வையோடு வந்தார். ஐப்பசி பிறக்கப்போகிறது என்று ஆரம்பித்தார். மழை பெய்தால் கிட்டங்கித் தெருதான் ஊருக்கே தொட்டி என்பது டெஸ்மண்டுக்குத் தெரியாததல்ல என்றார். ஃபிரிட்ஜைச் செங்கல் மேல் ஏற்றுவதும், கட்டிலில் உட்கார்ந்து சமைப்பதும், பிலோமினாவின் நைட்டிகள் ஒவ்வொரு வருஷமும் நனைந்து சாயம் போவதும் எல்லோரும் அறிந்ததே என்றார். ஆண்டவர் கிருபையால் இந்த வருஷம் தெரு ஒரு சாண் மேலே நிற்கிறது. "அதனால டெஸ்மண்டு, நீங்க இத்தனை வருசமா வாசிச்சிய, நாங்க கவனிக்கல, அது எங்க தப்பு. இனி நீங்க வாசிக்காம இருக்கணும், அதை நாங்க நல்லா கவனிச்சுக்கிடுவோம்" என்று முடித்துச் சால்வையைப் போர்த்தினார். எல்லோரும் கை தட்டினார்கள். அவர் வாசித்த எந்தக் கச்சேரியிலும் அவருக்கென்று யாரும் கை தட்டியதில்லை.

அப்புறம் மழை வந்தது. ஊரெல்லாம் கணுக்கால் தண்ணீர், கிட்டங்கித் தெருவில் மட்டும் கோலம் அழியாமல் இருந்தது. தண்ணீர் தெருவுக்கு அடியில் சலசலவென்று ஓடியது; ஜனங்கள் தெருவோரத்தில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டு நனைத்துக்கொண்டார்கள், சிலர் தூண்டில் போட்டார்கள், கெளுத்தி கிடைத்ததாகக்கூடச் சொன்னார்கள். மற்ற தெருச் சொந்தக்காரர்கள் பாயும் தலையணையுமாக வந்து தங்கினார்கள். கிட்டங்கித் தெரு மாப்பிள்ளை என்றால் விசாரிக்காமல் பெண் கொடுத்தார்கள். வாடைக்காற்று பிடித்தபோது தெரு கட்டிப்போடாத வள்ளம் மாதிரி லேசாக அசைந்தது. கடல்காரர்கள் அல்லவா, வள்ளம் அசைந்தால் என்ன செய்வார்களோ அதையே செய்தார்கள். தாம்புக் கயிறு கொண்டுவந்து, கைக்கெட்டிய உறுதியான சாமானில், அதாவது அமலோற்பவ மாதா கோயில் கொடிமரத்தில், தெருவை இழுத்துக் கட்டினார்கள். விடிந்து பார்த்தால் தெரு அசையாமல் நின்றது, கொடிமரம் தெருவைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. பங்குச்சாமியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி வந்து கத்திய கத்தில் கயிறு தெருமுனைக்கு எதிரே தரையில் நின்ற பழைய சரக்குக் கிட்டங்கியின் இரும்புத் தூணுக்கு மாறியது.

டெஸ்மண்டிடம் இப்போது ஆட்கள் யோசனை கேட்டு வந்தார்கள். தெருவையே தரையில் வைத்திருந்தவருக்குத் தெரியாததா என்று நினைத்தார்கள். அவருக்குத் தெரிந்தது பேஸ் ஒன்றுதான். வந்தவர்களுக்கு அதையே கொடுத்தார். அண்ணன் தம்பிகளோடு வீட்டுப் பாகம் பேசப் போகிற ஒருவன், எப்போது வாய் திறக்க வேண்டும் என்று கேட்டான். "முந்திக்கிட்டு பேசுதவன் பாடுதவன். நீ பாடாத. எல்லாரும் மூச்சு வாங்குத இடத்துல ஒரு வார்த்தை சொல்லு, சொல்லிட்டுச் சும்மா இரு" என்றார். அவன் போய் ஒரு வார்த்தை சொல்லி முன்னறையை வாங்கிக்கொண்டு வந்தான். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகும் ஒரு பெண்ணிடம், சொந்தமாக ஒரு பிளக் போர்டு கொண்டு போகச் சொன்னார். அவள் அங்கே சேர்ந்த முதல் வாரமே அந்த யோசனைக்கு நன்றி சொல்லிப் போன் பண்ணினாள். ரத்தக்கொதிப்புக்கு என்ன செய்யலாம் என்று ரெஜினால்டு கேட்டதற்கு, "கச்சேரிக்கு முன்னால பிரியாணி தின்னாதிய" என்றார். ரெஜினால்டுக்குக் கச்சேரி எதுவும் இல்லை. இருந்தும் பிரியாணியை விட்டார், கொதிப்பு இறங்கியது.

ஊரே மெச்சியது. டெஸ்மண்டுக்கோ விரல் நுனியில் பல வருஷமாகக் கெட்டிப்பட்டிருந்த காய்ப்பு உரிந்து உரிந்து விழுந்தது. அடியில் புதுத்தோல் பச்சைப்பிள்ளைத் தோல்போல இருந்தது. மேசையில், கட்டில் சட்டத்தில், தன் தொடையில் விரல் தானாகத் தாளம் போடும், போட்டதும் சன்னல் வழியாகப் பிலோமினா எட்டிப் பார்த்து, "அண்ணே?" என்பாள். அவர் கையை எடுத்துவிடுவார்.

ஒருநாள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கிளாடிஸ் விரலை வெட்டிக்கொண்டாள். அந்த மாதத்தில் இது முதல் தடவை அல்ல. டெஸ்மண்ட் துணி கொண்டுவந்து கட்டிவிடக் குனிந்தார்.

"நீங்க வாசிக்கும்போதுதான் நான் நறுக்குவேன்" என்றாள் அவள். "கை அதுபாட்டுக்குப் போவும். இப்பம் எங்க வைக்கணும் எங்க எடுக்கணும்னு தெரிய மாட்டேங்கு."

"தெரு நனையாம இருக்குலா கிளாடி."

"நனைஞ்சா தொடைச்சுக்கிடலாம்." அவள் கட்டிய விரலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "உள்ள நீங்க வாசிப்பிய, நான் அடுப்பங்கரையில நிப்பேன், ஒரு வார்த்தை பேசிக்கிட மாட்டோம், ஆனா வீட்டுல ஆளு இருக்குன்னு இருக்கும். இப்பம் எதுத்தாப்புலயே உக்காந்திருக்கிய. ஆளில்லாத மாதிரி இருக்கு."

டெஸ்மண்ட் துணியின் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

டிசம்பர் எட்டாம் தேதி அமலோற்பவ மாதா திருவிழா. மாதா சப்பரத்தில் ஏறி ஊர்வலம் வரும்போது கிட்டங்கித் தெருவுக்குள் வராமல் போனதில்லை; புயலடித்த வருஷம்கூட வந்தாள். இந்த வருஷம் வெறும் சப்பரத்தைத் தூக்கி ஒத்திகை பார்த்தபோது தெருமுனைப் பலகை முறிந்துபோய், தூக்கியவர்கள் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார்கள். சப்பரம் முனையிலேயே திரும்பிப் பாண்டகசாலைத் தெரு வழியாகப் போய்விடும் என்று பங்குச்சாமியார் அறிவித்தார். பாண்டகசாலைத் தெருக்காரர்கள் அன்றே கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு தோரணம் கட்ட ஆரம்பித்தார்கள், கட்டும்போது கிட்டங்கித் தெருவைப் பார்த்துச் சிரித்தார்கள். வீடு நனையலாம், உயிரே போகலாம், மாதா பாண்டகசாலைத் தெருவுக்குப் போய்விட்டாள் என்ற பேச்சை மட்டும் கிட்டங்கித் தெரு தாங்காது.

சங்கம் கூடியது. தெருவை ஊர்வல நேரத்துக்கு மட்டும் கீழே இறக்கி, மாதா கடந்து போனதும் ஏற்றிவிடுவது என்று தீர்மானித்தார்கள். டெஸ்மண்டைக் கூப்பிடப் பிலோமினா ஒப்பவில்லை. "அவுக தொடங்கினா நிப்பாட்ட மாட்டாவ. அந்த முகத்தைப் பாத்தியளா? வில்பிரட்டைக் கூப்பிடுங்க, அவனுக்குச் சுவிட்சு இருக்கு." வில்பிரட் கீபோர்டோடு வந்து தெரு நடுவில் உட்கார்ந்து இடது கையால் வாசித்தான். சுத்தமான வாசிப்பு, ஒரு பிசிறு கிடையாது. தெரு கேட்டுக்கொண்டுதான் இருந்தது, ஆனால் இறங்கவில்லை. சத்தத்தை ஏற்றினான், சன்னல்கள் அதிர்ந்தன, மழைக்குத் தெருமேல் ஏறிவிட்டிருந்த பூனை குடும்பத்தோடு வெளியேறியது, தெரு அப்படியே நின்றது. வில்பிரட் கீபோர்டை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கையைப் பார்த்தான். பிறகு எழுந்து டெஸ்மண்டின் வீட்டுக்குள் போனான், பெட்டியின் மேலிருந்த சேலையை எடுத்து மடித்து வைத்தான், பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து வாசலில் வைத்துத் துடைத்தான். டெஸ்மண்ட் அவனுக்கு டீ கொடுக்கச் சொன்னார்.

ரெஜினால்டு நிபந்தனையைச் சொன்னார். ஊர்வலத்தின் கடைசி ஆள் தெருவைத் தாண்டியதும் அவர் தன் குடையை உயர்த்துவார், குடை உயர்ந்ததும் நிறுத்திவிட வேண்டும், அதற்குப் பிறகு அடுத்த திருவிழாவரை கம்பியில் கை வைக்கக் கூடாது. டெஸ்மண்ட் கிளாடிஸைப் பார்த்தார், அவள் சுவரைப் பார்த்தாள். "சரி" என்றார்.

அன்று சாயங்காலம் தெருவே செங்கல் அடுக்கியது. ஃபிரிட்ஜுகள் ஏறின, அரிசி மூட்டைகள் பரண் ஏறின, பிலோமினாவின் நைட்டி மூட்டை அவள் தலையிலேயே ஏறியது. திரிகால மணி அடித்ததும் டெஸ்மண்ட் பெட்டியையும் செங்கல் மேல் ஏற்றிவிட்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். புதுத்தோல் கம்பியில் பட்டபோது எரிந்தது. தூரத்தில் வருகிற பேண்டு வாத்தியத்தின் பெரிய மேளத்தைக் காதால் தேடிப் பிடித்தார், அதன் முதல் அடியில் அடிக் கம்பியைத் தட்டினார், அடுத்த முதல் அடியில் மறுபடி தட்டினார். நடுவில் ஒன்றும் செய்யவில்லை, நடுவில் ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் வேலையே. தெரு மாவு அடங்குவதுபோல மெல்ல இறங்கியது. தண்ணீர் கோலங்களை அழித்துக்கொண்டு வந்தது, வாசற்படி ஏறியது, அடுக்களை வரை போய்ப் பார்த்தது. சப்பரம் தெருமுனையில் தயங்கவே இல்லை. மாதா விளக்கும் பூவுமாக, தூக்குகிறவர்களின் கெண்டைக்கால் அளவு தண்ணீரில் ஆடி ஆடி வந்தாள், ஒவ்வொரு வாசலிலும் நின்றாள், ஜனங்கள் தண்ணீரிலேயே முழந்தாளிட்டார்கள். பின்னால் வந்த லாரியில் பாடல் வாசித்துக்கொண்டிருந்த வில்பிரட், டெஸ்மண்டின் வாசலைக் கடக்கும்போது கீபோர்டிலிருந்து இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். டெஸ்மண்ட் அதைப் பார்த்தார், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் கண் நிறைந்துவிட்டது.

ஊர்வலத்தின் கடைசி ஆளும் தெருக்கோடியைத் தாண்டினார். ரெஜினால்டு குடையை உயர்த்தினார்.

டெஸ்மண்ட் குடையைப் பார்த்தார். பிறகு திரும்பி வீட்டுக்குள் பார்த்தார். கிளாடிஸ் அடுக்களையில் கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, அவ்வளவு கலவரத்திலும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவள் நிமிராமலே சொன்னாள்: "நிப்பாட்டாதிய. இன்னைக்குத்தான் வீட்டுல ஆளு இருக்கு."

அவர் நிறுத்தவில்லை. ரெஜினால்டு குடையை இன்னும் உயர்த்தினார், ஆட்டிக் காட்டினார், குதிகாலை எக்கினார். அந்நேரம் தூறல் போட ஆரம்பித்ததால் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டார். விரித்த குடையோடு நிற்கிறவர் எதற்கு நிற்கிறார் என்று யாரும் கவலைப்படவில்லை. தெரு தரையில் உட்கார்ந்திருந்தது. தண்ணீர் மட்டம் ஏறியது.

அப்போது பிலோமினா தன் வீட்டிலிருந்து வெளிப்பட்டு, தண்ணீரைக் காலால் கிழித்துக்கொண்டு, நேராக டெஸ்மண்டை நோக்கி வந்தாள். தலையில் இருந்த மூட்டையைக் காணவில்லை. கிளாடிஸ் கத்தியை வைத்துவிட்டுத் துடைப்பத்தோடு வாசலுக்கு வந்து கணவனுக்கு முன்னால் நின்றாள்.

பிலோமினா அவளைத் தாண்டி எட்டிப் பார்த்தாள். "அண்ணே, மெஷினைத் தூக்கி மேல வைக்கப் போனேன். சும்மா காலை வச்சுப் பாத்தேன், தண்ணிக்குள்ள ஒரு தையல் போட்டேன். நூல் பிடிச்ச மாதிரி நேரா போவுது." மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஆனா எங்க பின்கட்டு வரைக்கும் சரியா கேக்கல. கொஞ்சம் கூட்டி வையுங்க."

டெஸ்மண்டின் விரல் அடுத்த முதல் அடியைத் தவறவிடப் பார்த்தது, விடவில்லை. பேஸைக் கூட்டி வை என்று எந்த மேடையிலும், எந்தக் கல்யாண வீட்டிலும், எந்த மனிதப் பிறவியும் அவரிடம் சொன்னதில்லை. கேட்டால் அவன் நம்மாளே இல்லை என்று தாமே எத்தனை மீன் வியாபாரிகளிடம் அடித்துச் சொல்லியிருக்கிறார். பெட்டியில் சத்தம் கூட்டும் குமிழைப் பார்த்தார். திருப்பாமலே கிடந்து துருப் பிடித்திருந்தது. நிறுத்தாமல் வாசித்தபடியே முழங்கையால் முட்டிப் பார்த்தார், அசையவில்லை. கிளாடிஸ் குனிந்து, கட்டுப் போட்ட விரலோடு, பல்லைக் கடித்துக்கொண்டு அதைத் திருப்பினாள்.

"இப்பம் கேக்கா?" என்றார் டெஸ்மண்ட்.

"கேக்கு" என்று பின்கட்டுக்குப் போகிற வழியிலேயே பிலோமினா கத்தினாள். கிளாடிஸ் துடைப்பத்தை எடுத்து, அவர் தட்டுகிற இடத்தில் ஒரு தள்ளு, அடுத்த தட்டில் ஒரு தள்ளு என்று, உள்ளே வந்த தண்ணீரை வெளியே தள்ளத் தொடங்கினாள்.